கம்பராமாயணத்தில் ஆற்றல் அளவையும் வலிமை வரிசையும்: வாலி, இராவணன், இந்திரசித்து பாத்திரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புனைவுலகம் ஒன்றில் யார் வலியவர், அவ்வுலகின் பரப்பு எவ்வளவு என்னும் வினாக்களை இன்றைய வாசகர் பெரிதும் எழுப்புகின்றனர். இவ்வினாக்கள் இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானவை எனக் கருதப்படுவதுண்டு. கம்பராமாயணத்தின் கதைமாந்தரே இவ்வினாக்களை எழுப்பி, சோதனை செய்து, முடிவு கண்டு, சிலவேளை பிழைபட்டும் போகின்றனர் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. திருக்குறளின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களை அளவுகோலாகக் கொண்டு, காப்பியத்தில் வலிமை ஒற்றை ஏணியாக அமையவில்லை என்பதும், வலிமை வரிசை அறத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கம்பர் இடந்தரவில்லை என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலியறிதல், வெள்ளம், வாலியின் வரம், நிகும்பலை, வலிமை வரிசை, அறம்.

முன்னுரை

கதைமாந்தரை ஒருவரோடொருவர் நிறுத்திப் பார்த்து வாதிடுவது தமிழர்க்குப் புதிதன்று. அறிஞர் வாதிடும் பட்டிமண்டபத்தை மணிமேகலை குறிப்பிடுகிறது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகமும் அதனைப் பின்பற்றித் தோன்றிய அமைப்புகளும் காப்பிய மாந்தரை ஒப்பிடும் பட்டிமண்டபங்களைப் பொதுமக்களிடையே பரவச் செய்தன. அவ்வாதங்கள் பெரும்பாலும் பண்பையும் அறத்தையும் பற்றியன. இன்றைய இளைய வாசகர் எழுப்பும் வினாவோ வேறு. மோதினால் வெல்பவர் யார், ஒருவரது வலிமை மற்றவரைப்போல் எத்தனை மடங்கு என்று அவர்கள் கேட்கின்றனர்.

இவ்வினாவுக்கு எண்ணாலேயே விடை கூற முயன்ற புனைவுகளும் உள. 1984 முதல் 1995 வரை தொடராக வெளிவந்த அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ என்னும் சப்பானியச் சித்திரக்கதையில், எதிரியின் போராற்றலை எண்ணாகக் காட்டும் கருவி ஒன்று வருகிறது. ஃப்ரீசா என்னும் பகைவனின் ஆற்றல் 5,30,000 எனக் கூறப்படுகிறது. ஆனால் ஆற்றலை அடக்கிவைக்கத் தெரிந்தவர்களிடம் அக்கருவி ஏமாறுகிறது. மிகுவலிமையை அளக்கப்புகும்போது வெடித்துச் சிதறுகிறது. எண்ணால் அளக்கத் தொடங்கிய கதையே அளவுகோலின் குறையையும் காட்டிவிடுகிறது.

கம்பராமாயணத்தை இந்நோக்கில் அணுகுங்கால் மூன்று வினாக்கள் எழுகின்றன. காப்பியம் வலிமையை அளப்பதற்குரிய தரவுகளைத் தருகிறதா? தருமாயின், அவற்றைக்கொண்டு ஒரே சீரான வரிசையை அமைக்க இயலுமா? அவ்வரிசை எதனைத் தீர்மானிக்கிறது, எதனைத் தீர்மானிக்கவில்லை? இம்மூன்றுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அளவை பற்றிய தமிழ் மரபு

வீரத்தை எண்ணால் வரையறுக்கும் வழக்கம் தமிழிலக்கண மரபிலேயே உண்டு. போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மீது பாடப்படுவது பரணி என்று பாட்டியல் இலக்கணம் கூறும். ஓர் இலக்கிய வகைக்குத் தகுதி பெறுவதற்கே எண் ஒன்று வரம்பாக வைக்கப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது.

படையின் அளவைக் குறிப்பதில் இருவேறு முறைகள் காணப்படுகின்றன. பாரதக் கதையில் வரும் அக்குரோணி பிரித்தெண்ணத்தக்க அலகு. 21,870 யானை, 21,870 தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள் என்னும் கணக்கில் ஓர் அக்குரோணிக்கு 2,18,700 உறுப்புகள் அமையும். குருச்சேத்திரத்தில் திரண்ட பதினெட்டு அக்குரோணிக்கு 39,36,600 உறுப்புகள் ஆகும். கேட்பவர் விரும்பினால் கூட்டிப் பார்க்கலாம்.

கம்பர் வானரப் படையைக் குறிக்க ஆளும் சொல் வெள்ளம். எழுபது வெள்ளம் என்பது காப்பியத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. வெள்ளம் என்பது பேரெண்ணின் பெயர். ஆம்பல், குவளை, சங்கம் முதலியவற்றுடன் அதனைப் பரிபாடலும் பேரெண்ணாகவே எடுத்தாளுகிறது. அதே சொல் கரைபுரளும் நீர்ப்பெருக்கையும் குறிக்கும். எண்ணாகவும் எண்ணுக்கு அடங்காமையாகவும் ஒரே வேளையில் நிற்கும் சொல் இது. எழுபது என்னும் முன்னொட்டு கணக்கின் உறுதியைத் தர, வெள்ளம் என்னும் பின்னொட்டு அவ்வுறுதியைக் கரைத்துவிடுகிறது.

மூலபல வதைப் படலத்தில் இராமனது வில்லில் கட்டிய மணி ஒலிப்பது பற்றிய பாடல் இதனினும் நுட்பமானது. ஆயிரம் யானை, பதினாயிரம் தேர், ஒரு கோடி குதிரை, ஆயிரம் படைத்தலைவர் மடிந்தால் தலையற்ற உடல் ஒன்று எழுந்தாடும். அவ்வாறு ஆடும் உடல்கள் மிகப்பெரும் தொகையை எட்டினால் மணி ஒருமுறை ஒலிக்கும். அம்மணி ஏழரை நாழிகை, அஃதாவது மூன்று மணி நேரம், ஓயாது ஒலித்தது. அலகு, அலகின் மடங்கு, கால அளவு ஆகிய மூன்றும் முறையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆயினும், மணி ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கவிஞர் கூறவில்லை. ஆகவே பெருக்கி முடிக்கவேண்டிய கணக்கில் இறுதி உறுப்பு இல்லை. கணக்கிடுமாறு வாசகரை அழைத்துச் சென்று, முடிவெண் கிட்டாத இடத்தில் வியப்பை நிறுத்துகிறது இப்பாடல்.

இவற்றை உயர்வு நவிற்சி என்று கூறி அமைந்துவிடலாமே எனின், அது முழுமையான விடையாகாது. உயர்வு நவிற்சியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எழுபது வெள்ளம் ஓரிடத்தில் எழுபதாகவும் பிறிதோரிடத்தில் ஏழாகவும் ஆவதில்லை. காப்பிய உலகின் பேரளவு தன்னளவில் ஓர் ஒழுங்குடையது. புறவுலகக் கணக்கோடு அதனைப் பொருத்த முனையும்போதுதான் முரண் தோன்றுகிறது.

2. வள்ளுவர் வகுத்த அளவுகோல்

வலிமையை ஒப்பிடுதற்குரிய கோட்பாடு தமிழில் திருக்குறளின் 48, 49, 50ஆம் அதிகாரங்களில் அமைந்துள்ளது. வலியறிதல் அதிகாரத்தின் முதற் குறள் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருவர்க்கும் துணையாவாரின் வலி என நான்கினைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. தன்வலியும் மாற்றான் வலியும் மட்டுமே ஒப்பிடத்தக்கன என்று வள்ளுவர் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

அடுத்த இரு அதிகாரங்களும் இந்நான்கையும் மேலும் நெகிழ்த்துகின்றன. பகலில் கூகையைக் காக்கை வெல்லும். இரவில் நிலை மாறும். ஆழ்நீரில் முதலை பிறவற்றை வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் அதனைப் பிற வெல்லும். வேலேந்திய வீரரைக் கோத்த யானையும் சேற்றில் கால் ஆழ்ந்தால் நரிக்கு இரையாகும். காக்கை பெரிதா, கூகை பெரிதா என்னும் வினாவுக்கு வள்ளுவரிடம் ஒரு சொல் விடை இல்லை. பொழுது யாது என்னும் மறுவினாவே உண்டு. இவ்வளவுகோலைக் கொண்டு இனிக் காப்பிய நிகழ்வுகளை நோக்கலாம்.

3. சுக்கிரீவன் வைத்த சோதனை

வலிமையை ஒப்பிட்டு ஐயுறும் வாசகரின் இடத்தில் காப்பியத்துள் நிற்பவன் சுக்கிரீவன். வாலியை இராமன் வெல்லுவானா என்பதே அவனது வினா. வான்மீகத்தில் துந்துபியின் உடலை வாலி ஒரு யோசனைத் தொலைவு எறிந்ததை அவன் கூறுகிறான். இராமன் அதன் எலும்புக்கூட்டைக் கால்விரலால் பத்து யோசனை தூரம் உந்துகிறான். எண்ணளவில் பத்து மடங்கு. ஆயினும் சுக்கிரீவன் ஏற்கவில்லை. வாலி எறிந்தபோது உடல் தசையும் ஈரமும் உடையதாய்க் கனத்திருந்தது. இப்போது உலர்ந்து புல்லைப்போல் இலேசாகிவிட்டது. ஆகவே இதனால் இருவர் வலிமையை ஒப்பிட இயலாது என்கிறான். ஒப்பிடும் இரு செயல்களின் சூழல் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் ஆய்வுநெறியையே அவன் முன்வைக்கிறான். அதன்பின்னரே மரங்களைத் துளைக்கும் சோதனை நிகழ்கிறது.

கம்பர் இவ்வரிசையை மாற்றுகிறார். மராமரப் படலம் முன்னும் துந்துபிப் படலம் பின்னும் அமைகின்றன. எலும்புக்கூட்டைக் காலால் உந்துபவன் இலக்குவன். ஆகவே கம்பரிடம் அது சோதனையாகவே இல்லை. ஐயம் முன்னரே தீர்ந்துவிடுகிறது. இராமனது அம்பு ஏழு மரங்களையும் ஏழு கீழுலகங்களையும் துளைத்து, ஏழு என்னும் தொகையுடைய பொருள் மேலும் இல்லாமையால் மீண்டது என்பது கம்பரின் கற்பனை. வான்மீகத்தின் சுக்கிரீவன் ‘இவ்வளவு சான்று போதாது’ என்கிறான். கம்பரோ அளக்கப்படும் பொருள்களே தீர்ந்துபோன நிலையைக் காட்டுகிறார். அம்பு நின்றது வலிமை குறைந்ததால் அன்று, அளவுகோல் முடிந்ததால்.

4. வாலியின் வரம்: இரு வாசிப்புகள்

எதிர்த்து வருவோரது வலிமையில் பாதியை வாலி பெறுவான் என்று நட்புக்கோட் படலத்தில் அனுமன் கூறுகிறான். வலிமை வரிசை பற்றிய விவாதத்தில் இதனினும் முதன்மையான தரவு காப்பியத்தில் இல்லை. இதனை இருவகையாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

முதல் வாசிப்பில், எதிரி இழக்கும் பாதியே வாலிக்குச் சேர்கிறது. எதிரியின் வலிமை நூறு எனக் கொண்டால் அவனிடம் எஞ்சுவது ஐம்பது. வாலியிடம் இருப்பது அவனது வலிமையோடு ஐம்பது. வாலியின் சொந்த வலிமை எவ்வளவு சிறிதாயினும் அவனே மிகுவான். எதிரியின் நூறு ஆயிரமானாலும் முடிவு மாறாது. நேர்நின்று அவனை வெல்லுதல் எவர்க்கும் இயலாது.

இரண்டாம் வாசிப்பில், எதிரியின் வலிமை குறைவதில்லை. அதன் பாதியளவு வாலிக்குக் கூடுதலாகச் சேர்கிறது. அப்போது வாலியின் வலிமையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வலிமையுடையவன் அவனை நேர்நின்று வெல்ல முடியும்.

இவ்வேறுபாடு வெறும் கணக்கு விளையாட்டன்று. வாலியை மறைந்துநின்று எய்தது முறையா என்பது தமிழறிஞரிடையே நெடுங்காலமாக நிகழும் வாதம். முதல் வாசிப்பின்படி மறைவு தவிர்க்க இயலாத போர்முறை ஆகிறது. இரண்டாம் வாசிப்பின்படி, ஏழுலகும் துளைத்த வில்லாளன் நேரே நின்றும் வென்றிருக்கக்கூடும். ஆகவே மறைவுக்கு வேறு காரணம் தேவைப்படுகிறது. வலிமைக் கணக்கு அறக்கணக்கைத் தொடும் இடம் இதுவே.

இங்குக் கம்பர் செய்வது கூர்ந்து நோக்கத்தக்கது. வாலி வதைப் படலத்தில் வீழ்ந்துகிடக்கும் வாலி இராமனை வினவுகிறான். இராமனது விடை தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தைச் சுட்டும் அறவிடையாக அமைகிறது. மறைந்து எய்தமைக்குக் காரணம் கூறும் இலக்குவன், தம்பி முன்னரே அடைக்கலம் புகுந்தமையையும், வாலியும் நேர்வந்தால் அடைக்கலம் வேண்டக்கூடும் என்பதையும் எடுத்துரைக்கிறான். பாதி வலிமை பெறும் வரத்தை இருவருமே காரணமாகக் காட்டவில்லை. அனுமன் வாயிலாக முன்னரே வாசகர்க்கு அறிவிக்கப்பட்ட எளிய விடை ஒன்று இருக்கவும், அதனைக் கம்பர் பயன்கொள்ளவில்லை. ‘நேர்நின்று வெல்ல இயலாது, ஆகவே மறைந்தேன்’ என்பது வலிமை பற்றிய விடையாகலாம். வாலி கேட்டதோ அறம் பற்றிய வினா. ஒன்றன் விடையை மற்றொன்றன் இடத்தில் வைக்கக் கம்பர் உடன்படவில்லை என்றே கொள்ளவேண்டும். அவ்விடைகள் வாலிக்கு நிறைவளித்தவாறே எல்லா வாசகர்க்கும் நிறைவளிக்கும் என்பதன்று. வாதம் எந்தத் தளத்தில் நிகழவேண்டும் என்பதைக் கவிஞர் வரையறுத்துள்ளார் என்பதே இங்குக் கருத்து.

5. இராவணனின் தரவரிசைப் பிழை

வாலி இராவணனை வென்றவன். கார்த்தவீரியனும் இராவணனை வென்றவன். கார்த்தவீரியனைப் பரசுராமன் கொன்றான். பரசுராமனின் செருக்கை இராமன் அடக்கினான். வாலியும் இராமன் அம்பால் வீழ்ந்தான். இரு வழியாகவும் இராமன் இராவணனுக்கு மேலே நிற்கிறான். ‘முதல்வன் இரண்டாமவனை வென்றான், இரண்டாமவன் மூன்றாமவனை வென்றான், ஆகவே முதல்வன் மூன்றாமவனை வெல்வான்’ என்னும் தொடர்முறை வாதம் இங்குப் பொருந்துவது போலத் தோன்றும்.

இவ்வாதத்தைக் காப்பியத்துக்குள்ளேயே ஆளுபவன் அனுமன். பிணிவீட்டு படலத்தில் வாலியின் நலத்தை இராவணன் வினவ, அஞ்சவேண்டா, வாலி இறந்தான், அவனோடு அவன் வாலும் போயிற்று என்கிறான். முன்பு அவ்வாலில் கட்டுண்ட இழிவை நினைவூட்டி, அவ்வாலியையும் கொன்றவன் ஒருவன் உளன் என்று உணர்த்துவதே அவன் கருத்து. தூதனுக்கு இது சிறந்த சொல்லாட்சி. அளவை நோக்கில் இதில் இடைவெளி உண்டு. வாலி வீழ்ந்தது மறைவிலிருந்து வந்த அம்பால்; ஆகவே அந்நிகழ்வு நேர்வலிமையின் ஒப்பீடாகாது. தொடர்முறை வாதத்தின் ஒரு கண்ணி வேறு உலோகத்தால் ஆனது.

இராவணனின் பிழை வேறொன்று. அவன் வரம் வேண்டியபோது தேவர் முதலியோரால் சாவு கூடாது என்று கேட்டு, மனிதரையும் விலங்குகளையும் பொருட்படுத்தாது விட்டான் என்பது இராமாயணக் கதைமரபு. வலிமை வரிசை ஒன்றை மனத்துள் அமைத்து, அதன் அடியில் உள்ளோரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதன் விளைவு அது. பின்னர் அவனை வென்ற இருவருள் கார்த்தவீரியன் மனிதன், வாலி வானரன். அவன் புறக்கணித்த இரண்டு இனங்களிலிருந்தே இரண்டு தோல்விகளும் வந்தன. வான்மீகத்தின் உத்தரகாண்டம் கூறுமாறு, அவ்விருவரோடும் அவன் நட்புப் பூண்டு மீண்டான். தோல்வியை நட்பாக மாற்றிக்கொண்டானேயன்றித் தன் வரிசையைத் திருத்திக்கொள்ளவில்லை. மாற்றான் வலியைத் தூக்கிப் பாராமை என வள்ளுவர் கூறும் குற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

6. இந்திரசித்து: இடம், காலம், துணை

ஒரே இருவர் இருமுறை மோதி முடிவு மாறுபடும் இடம் வலிமை வரிசைக்குப் பெருஞ்சோதனை. நாகபாசத்தால் இலக்குவனை இந்திரசித்து வீழ்த்துகிறான், பிரமாத்திரத்தாலும் வீழ்த்துகிறான். இறுதியில் இலக்குவன் கையால் இந்திரசித்து மாள்கிறான். இருவருள் வலியவர் யார் என்பதற்கு ஒரு போரை மட்டும் சான்றாகக் கொண்டு விடை கூற இயலாது.

வான்மீகத்தில் நாகபாசம் இராமன், இலக்குவன் இருவரையுமே பிணிக்கிறது. கம்பரோ இராமனை அவ்வேளையில் களத்தில் நிறுத்தவில்லை; இலக்குவனும் வானரரும் மட்டுமே கட்டுண்கின்றனர். இம்மாற்றம் தற்செயலானதன்று. இராமன் ஒருவனது கணையால் வீழ்ந்தான் என்னும் செய்தி காப்பியத்தில் இடம்பெறாதவாறு கம்பர் காக்கிறார். வலிமை வரிசையில் கவிஞரே கருத்துச் செலுத்தியுள்ளார் என்பதற்கு இஃது அகச்சான்று.

முடிவு மாறியதற்குரிய காரணங்களை வள்ளுவரின் அளவுகோல் தெளிவாக விளக்கும். நிகும்பலையில் வேள்வி முற்றுப்பெற்றால் இந்திரசித்தை வெல்லுதல் இயலாது. ஆகவே இடமும் காலமும் அவன் வலிமையின் உறுப்புகள். மாயாசீதையைக் கொன்று எதிரிகளை மயக்கி, அவ்விடைவேளையில் வேள்வியை முடிப்பதே அவன் சூழ்ச்சி. வண்டுருவில் சென்று சீதை உயிரோடிருத்தலைக் கண்டு, வேள்வியைத் தடுக்குமாறு உணர்த்துபவன் வீடணன். இது துணைவலி. வேள்வி குலைந்ததும், முன்பு இருமுறை வென்றவன் அதே எதிரியிடம் வீழ்கிறான். நீரைவிட்டு நீங்கிய முதலையின் நிலை அது.

7. வரிசை தெளிந்த பின்னும் நிகழும் போர்

முதற்போர் புரி படலத்திலேயே இராவணன் படைக்கலன் இழந்து வெறுங்கையனாய் நிற்கிறான். இராமன் அவனைக் கொல்லாது திருப்பி அனுப்புகிறான். யார் வலியவர் என்னும் வினாவுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. யுத்த காண்டத்தின் பெரும்பகுதி அதன்பின்னரே வருகிறது. வலிமை வரிசையை அறிவிப்பதே காப்பியத்தின் நோக்கமாயின் அப்பகுதி முழுதும் மிகையாகிவிடும்.

அப்பகுதியில் மேம்பட்டு நிற்போர், முடிவு இன்னதென்று அறிந்தே களம் புகுவோர். கும்பகருணன் அண்ணனுக்கு நல்லுரை கூறி, அது ஏற்கப்படாதபோது தான் மீளப்போவதில்லை என்று அறிந்தே செல்கிறான். வீடணன் வந்து அழைத்தும் தன்னை வளர்த்தவனைக் கைவிட மறுக்கிறான். இந்திரசித்தும் வேள்வி சிதைந்தபின் தந்தையிடம் மீண்டு, சீதையை விட்டுவிடுமாறு கூறி, அவன் இசையாமையால் மீண்டும் களம் சென்று மடிகிறான். இருவர்க்கும் வலிமை வரிசை தெரியும். தெரிந்தும் அவர்கள் செய்யும் தேர்வே அவர்களை உயர்த்துகிறது. வரிசையை அறியாதிருந்தால் அவர்கள் செயல் வெறும் துணிச்சலாகவே நின்றிருக்கும்.

இதனால் ஓர் உண்மை புலப்படும். வலிமை வரிசை பற்றிய அறிவு இப்பகுதிகளைச் சுவைக்கத் தடையன்று; இன்றியமையாத முன்னறிவு. கும்பகருணனின் தோல்வி உறுதி என்பதை உணராத வாசகர்க்கு அவனது செய்ந்நன்றியின் எடை விளங்காது.

முடிவுரை

கம்பராமாயணம் வலிமையை அளப்பதற்குரிய தரவுகளை மிகுதியாகத் தருகிறது. எண், மடங்கு, சோதனை, ஒப்பீடு ஆகிய அனைத்தும் அதில் உள. அளவுகள் தமக்குள் ஒழுங்குடையன. எனினும் வெள்ளம் என்னும் சொல்லும் மணியின் ஒலியும் காட்டுவதுபோல, இறுதி எண்ணைத் தாராமலே நின்றுவிடுகின்றன.

அத்தரவுகளைக் கொண்டு ஒற்றை ஏணியை அமைக்க இயலாது. வாலியின் வலிமை எதிரியைப் பொறுத்து மாறுவது. இந்திரசித்தின் வலிமை இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. இலக்குவனின் வெற்றி துணையைப் பொறுத்தது. இவற்றை விளக்க வள்ளுவரின் நால்வகை வலியும் காலமும் இடமும் போதுமானவையாக உள்ளன.

வாலியின் வினாவுக்கு வரத்தைக் காரணங்காட்டி விடையளிக்கக் கம்பர் மறுத்தமையால், வலிமை வரிசை அறவினாக்களுக்கு விடையாகாது என்னும் நெறியும் பெறப்படுகிறது. வகுப்பறையில் மாணவர் ‘வாலி பெரியவனா, இராவணன் பெரியவனா’ என்று கேட்குமிடத்து, அவ்வினாவை விலக்காமல் ஏற்று, எந்த இடத்தில், எந்தப் பொழுதில், யார் துணையோடு என்று மறுவினா எழுப்புதல் ஆசிரியர்க்குத் தகும். அம்மறுவினாவின் வழியே மாணவர் காப்பியத்தின் மூலபாடத்துக்கு மீள்வர். கணக்கில் தொடங்கிய உரையாடல் கும்பகருணனின் தேர்விலும் வாலியின் முறையீட்டிலும் சென்று சேரும்.